இன்னும் ஐந்து நிமிடம்

இன்னும் ஐந்து நிமிடமாம், எத்தனையாவது ஐந்து நிமிடம் இது, ஒன்றரை மணித்தியாலமாக லண்டன் செய்தியறையிலிருந்து ஒரு பெண் என் காதுக்குள் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள், துறைமுக வீதி வெய்யிலில் கோட்டும் போட்டுக்கொண்டு நான் வேகிறேன், கமரா முன்னாலிருந்து ஓர் அடி விலக ஏலாது, எந்த நொடியிலும் நேரலைக்கு எடுப்பார்களாம்... பின்னால் நிற்கும் வெளிநாட்டுப் போர்க்கப்பலுக்கு என்ன அவசரம், அதற்குக் கிண்ணியாவில் உம்மா இருக்கிறாவா? இருபத்திரண்டு வருடம் ஊர் ஊராக நின்று செய்தி சொல்லி, கடைசியில் சொந்த ஊருக்கும் வெளிநாட்டு நிருபராகத்தான் வந்து நிற்கிறேன், நல்ல பிழைப்பு. நாலு மணிக்குக் கொழும்புக்கு வெளிக்கிட வேண்டும், இரவு விமானம். காலையிலிருந்து என் கூடப்பிறந்த றஹ்மா ராத்தா மூன்று தரம் போன் எடுத்துவிட்டா, கடைசித் தரம் கோபமே இல்லாமல் கேட்டா, “உம்மா இன்னும் சாப்பிடல்ல தம்பி, வாறியா இல்லையா எண்டு மட்டும் சொல்லு.” வாறன் என்றேன், அதை எத்தனை வருடமாகச் சொல்கிறேன்... வாப்பா மௌத்தான அன்று பெய்ரூட்டில் இப்படித்தான், காதில் இதே கருவி, இதே ஐந்து நிமிடம், நான் விமானம் ஏறுமுன் இங்கே அஸர் தொழுகையோடு ஜனாஸாவை அடக்கிவிட்டார்கள், நம்மவர்கள் யாருக்காகவும் மையித்தை வைத்திருப்பதில்லை, நியாயம்தான். இந்த நாலு வருடமாக உம்மா போனில் ஒரு குறை சொன்னதில்லை, அதுதான் என்னைக் கொல்கிறது, திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், இன்றைக்காவது முன்னால் போய் உட்கார்ந்து மாப்புக் கேட்க வேண்டும், இந்தப் பாவிகள் விட்டால்தானே.

காதுக்குள் குரல் வந்தது. வேறு பெரிய செய்தி வந்துவிட்டதாம், கப்பல் செய்தி இன்று போகாதாம், நீங்கள் கிளம்பலாம் ஸுஹைர், நன்றி. மணி இரண்டு பத்து. கிண்ணியாவுக்கு அரை மணித்தியாலம், சாப்பிட்டுக் கதைக்கத் தாராளமாக நேரம் இருக்கிறது... கமராக்காரன் சிந்துஜன் காலையிலிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டுதான் நிற்கிறான், முக்காலியை மடக்கியபடி, “நேர கிண்ணியாவுக்கு விடுறன் அண்ணன், ஏறுங்கோ” என்றான். அதற்குள் என் வாய் ஒலிவாங்கியில் சொல்கிறது, அடுத்த செய்திக்கு வேண்டுமானால் நான் நிற்கிறேன், எனக்கு அவசரமில்லை. யார் கேட்டார்கள் இதை? அந்தப் பெண் கேட்கவில்லையே. சிந்துஜன் மடக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறான், நான் கப்பலைப் பார்க்கிறேன்... அவர்கள் விடவில்லை, அவர்கள் விடவில்லை என்று நாலு வருடமாக எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேனே, பெய்ரூட்டில் அன்று நில் என்று என்னிடம் யாராவது சொன்னார்களா?