அழுத வயிற்றின் கணக்கு

கதிர்வீச்சுப் பிரிவில் அவளை எல்லாரும் கணக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மிஷினிலிருந்து கதிர் எந்தப் பக்கம் நுழைய வேண்டும், எந்த உறுப்பில் எவ்வளவு விழும் என்று கணினியில் முன்கூட்டியே ஓட்டிப் பார்ப்பது அவள் வேலை. கட்டி இருந்த இடத்தைச் சுடுவது பெரிய காரியமில்லை. அக்கம்பக்கத்தில் சிவனே என்று கிடக்கும் நல்ல உறுப்புகளைச் சுடாமல் விடுவதற்குள்தான் தாவு தீர்ந்துவிடும். பெரியவர்களுக்கே அப்படி. குழந்தை உடம்பிலோ எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடக்கும். இன்று தெரியாமல் விழுந்ததன் பலன் இருபது வருஷம் கழித்துக்கூடத் தலைகாட்டும்.

அன்றைக்கு அவள் ஏற்கெனவே நொந்து நூலாகியிருந்தாள். கூட வேலை பார்ப்பவர் விடுப்பில் போனதிலிருந்து இரண்டு ஆள் வேலை ஒரே தலையில். இன்றாவது நேரத்தோடு வீட்டுக்குப் போய்க் கட்டையைச் சாய்க்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் மிஷின் அறை டெக்னீஷியன் கூப்பிட்டாள்.

"அக்கா, சைரன் வந்திருக்கா. ஆனா ஊதவே இல்ல. படம் எடுத்தேன், பழைய படத்தோட ஒத்துப்போக மாட்டேங்குது. வந்து பாருங்க."

சைரன் என்பது ஐந்து வயதுப் பெண். வலது சிறுநீரகத்தில் வந்த கட்டியைச் சிறுநீரகத்தோடு சேர்த்தே எடுத்தாகிவிட்டது. மிச்சம் இருப்பது இடப்பக்கத்து ஒன்றுதான். கதிர் வலப்பக்கத்துக்கு மட்டும்தான், அந்த ஒற்றைச் சிறுநீரகத்தின் மேல் படக்கூடாது. முதல்முதலாக ஸ்கேனுக்கு வந்த அன்று அவள் போட்ட கூச்சலில் கட்டடமே இரண்டுபட்டது. பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. அழுது ஓய்ந்து, அசந்து கிடந்த நேரம் பார்த்து ஸ்கேனை எடுத்து முடித்தார்கள். மயக்க மருந்து தேவைப்படவில்லை என்று எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். அந்த ஸ்கேனை வைத்துத்தான் கணக்கக்கா மல்லுக்கட்டினாள். முதுகெலும்பு ஒரு பக்கம் மட்டும் வளர்ந்து கோணிவிடாதபடி அதன் முழு அகலத்துக்கும் கதிரைச் சமமாக விட்டு, எலும்போடு நிறுத்தி, சிறுநீரகத்தைத் தப்பவைத்திருந்தாள்.

கதிர் தொடங்க வேண்டிய முதல் நாளான இன்றைய படத்தில் சிறுநீரகம் ஒரு விரல் அகலம் நகர்ந்து, கதிரின் ஓரத்துக்குள் எட்டிப்பார்த்தது.

இரண்டு படங்களையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தாள். பழையதில் இரைப்பை பலூனாக உப்பியிருந்தது. புதியதில் சப்பை. அழுகிற பிள்ளை காற்றை விழுங்கும், காற்று வயிற்றை ஊதும், ஊதிய வயிறு சிறுநீரகத்தை ஓரமாகத் தள்ளும். இது தெரியாத விஷயமா? அவள் அன்றைக்கு அந்த உப்பலைக் கண்ணால் பார்த்தவள்தான். பிள்ளை அசையாமல் கிடக்கிறதே, அதுவே பெரிது என்று விட்டிருந்தாள்.

சிறுநீரகத்தைப் புதிய இடத்தில் வரைந்து கணக்கை மறுபடி ஓட்டினாள். அதன் மேல் விழும் அளவு தாறுமாறாக எகிறியது.

டாக்டர் வந்தார். அவரும் காலையிலிருந்து உட்காராதவர்தான். "ஆபரேஷன் முடிஞ்சு ஏற்கெனவே நாள் ஓடிருச்சும்மா. இனிமே தள்ளிப்போட முடியாது." கண்ணைக் கசக்கிக்கொண்டு, பாதி விளையாட்டாகச் சொன்னார்: "பேசாம அவள அழ வச்சிருங்க. வயிறு ஊதிரும், உங்க கணக்கும் சரியாயிரும்."

கதவருகே குழந்தையின் அம்மா நின்றிருந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

"நான் அழ வைக்கறேங்க," என்றாள் அவள். "ஒரு அடி போட்டாப் போதும்." சொல்லும்போதே குரல் உடைந்தது. "அழக்கூடாதுன்னு வாரம் பூரா நான்தாங்க பழக்கினேன். சாப்பாட்டு மேஜைக்கு அடியில படுக்க வச்சு, இதான் மிஷின்னு சொல்லி... நான் சும்மா இருந்திருக்கணுமோ?"

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். கணக்கக்காவுக்கு அவர் மேலும் தன் மேலும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"யாரும் யாரையும் அடிக்க வேண்டாம். நீங்க செஞ்சதுதாம்மா சரி. தினமும் ஒரே அளவா அழ வைக்க முடியுமா என்ன? இப்பவே வேற ஸ்கேன் எடுங்க. சாயங்காலத்துக்குள்ள வேற கணக்குப் போட்டுத் தர்றேன், நாளைக்கே ஆரம்பிக்கலாம்."

"உங்களால முடியுமா?" என்றார் டாக்டர்.

"முடியாதுதான். போடறேன்."

உள்ளே படுக்கையில் சைரன் கையைக் காலை ஒட்டவைத்துக்கொண்டு, பாராட்டுக்குக் காத்திருந்தாள். "மிஷின் ரிப்பேரா? நான்தான் அழவே இல்லையே."

"நீ சமத்துதான் கண்ணு. நாங்கதான் அழுத பாப்பாவுக்குக் கணக்குப் போட்டுட்டோம்."

"அழுத பாப்பா யாரு?"

"அது வேற ஒரு பாப்பா."

புதிய கணக்கு லேசில் வழிக்கு வரவில்லை. கதிரின் ஓரத்தை உள்ளே இழுத்தால் அது முதுகெலும்பின் பாதியிலேயே நின்றது. கோணத்தைத் திருப்பினால் கல்லீரலில் கூடுதலாக விழுந்தது. கடைசியில் கல்லீரல் தாங்கும் அளவு பார்த்துக் கொஞ்சம் அதன் தலையில் கட்டினாள். முழு நிம்மதி இல்லை. இந்த வேலையில் அது என்றைக்குமே கிடைத்ததில்லை.

மறுநாள் படமும் கணக்கும் ஒத்துப்போயின. சிறுநீரகம் கதிருக்கு வெளியே, தன் இடத்தில் இருந்தது. உதட்டை இறுக்கிக்கொண்டு தனியாகக் கிடந்த சைரன் கடைசிவரை மூச்சுக்காட்டவில்லை.

கதவு திறந்ததும் அவள் நடந்து வந்து அம்மாவின் முன் நின்றாள். முகம் கோணிக்கொண்டிருந்தது.

"இப்ப அழலாமா?"

அம்மா கணக்கக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அழு கண்ணு," என்றாள் கணக்கக்கா. "எவ்வளவு வேணுமோ அழு. நாளைக்குள்ள வயிறு வத்திரும்."

சைரன் ஊதியது. நடைபாதையில் காத்திருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். கணக்கக்கா மட்டும் சுவரில் சாய்ந்து, அது ஓயும்வரை கேட்டுக்கொண்டு நின்றாள்.