குறை சொல்லத் தெரிந்தவள்

மழை பெய்து ஓய்ந்த பிப்ரவரியில் எங்கள் உப்பு வெளியில் மேல் எது, கீழ் எது என்று யாருக்கும் தெரியாது. கணுக்கால் நனையும் தண்ணீர்தான். அதற்குள் முழு வானமும் இருக்கும். லாரி மேகத்தின் மேல் ஓடும். லாமா மந்தை தலைகீழாக நடந்து போகும். அந்த மாதம் முழுக்க எனக்கு விழித்திருக்கும்போதே பாதித் தூக்கம்தான். ஆனால் அந்த வருடம் பிரிமிதிவா திரும்பி வந்து என் நிம்மதியைக் கெடுத்தாள்.

எதிர்வீட்டுக்காரி. சுரங்கத்தில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, கைக்குழந்தை நிகாசியாவை என் வீட்டில் விட்டு, மலைக்கு அந்தப் பக்கம் சிலிக்கு வேலை தேடிப் போனவள். ஒரு பருவம் என்று சொல்லித்தான் போனாள். பெண் வளர்ந்து, உப்புக் குளங்களில் பம்பு ஓட்டும் வேலைக்கு வந்து, பக்கத்து ஊர் எலாதியோவைக் கட்டிக்கொள்வது என்று முடிவும் செய்த பிறகு வந்து நிற்கிறாள். வந்த கையோடு கதவுக்கு நீல வண்ணம் அடித்தாள். ஏன் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். பெண் கேட்டு வருகிறவர்கள் சாராயமும் மெல்லுவதற்குக் கோக்கா இலையும் எடுத்துக்கொண்டு தாய் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். எந்தக் கதவு தட்டப்படுகிறதோ, அந்த வீட்டுக்காரிதான் தாய் என்று ஊர் ஏற்றுக்கொள்ளும்.

எனக்கு வயிறு எரிந்தது. அதை ஒளிப்பானேன்?

குளக்கரை ஆய்வுக்கூடத்தில் உப்புநீரைச் சோதிப்பது என் வேலை. தனிம அட்டவணையின் முதல் தொகுதியோடுதான் என் குடித்தனம். ஒரே குடும்பத்து உலோகங்கள் அவை. எல்லாவற்றுக்கும் வெளிச்சுற்றில் ஒரே ஒரு எலக்ட்ரான், அதையும் யாருக்காவது கொடுத்துவிட்டால் போதும் என்று தவிக்கும். தண்ணீரைக் கண்டால் சோடியம் உருகி உருண்டு ஓடும். பொட்டாசியம் ஊதாத் தீயோடு வெடிக்கும். லித்தியம் மட்டும் மிதந்துகொண்டு மெல்லப் பொரியும், அவ்வளவுதான். குளத்திலும் அப்படியே. வெயிலில் நீர் வற்ற வற்ற முதல் குளத்தில் சோடியம் உப்பாகப் படியும், அடுத்ததில் பொட்டாசியம் படியும். லித்தியம் கடைசிக் குளம் வரை தண்ணீரை விடாது. அதுவும் தனியாக இராது. அடுத்த தொகுதிக்காரி மக்னீசியத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். குணத்திலும் அவளைப்போலத்தான்: கார்பனேட்டானால் தண்ணீரில் கரைய அடம்பிடிக்கும், சூடேறினால் காற்றிலிருக்கும் நைட்ரஜனோடு சேர்ந்துகொள்ளும். சொந்த அக்கா தங்கைகளுக்கு இந்தப் பழக்கமெல்லாம் கிடையாது. சுண்ணாம்புப்பால் ஊற்றி மக்னீசியத்தைப் பிரித்தால், லித்தியமும் கொஞ்சம் சேற்றோடு போய்விடும்.

ஒரு மத்தியானம் கடைசிக் குளத்துக் கரையில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன். வானத்தின் மேல் பெண்கள் நடந்து வந்தார்கள். மஞ்சள் அடுக்குப் பாவாடை கட்டிய சோடியம் சளசளவென்று பேசிக்கொண்டு முன்னால் போனாள். பின்னால் ஊதாப் பாவாடைக்காரி. வெகு தூரம் தள்ளி, செக்கச் சிவந்த பாவாடையில் மூன்றாமவள், வெள்ளைச் சால்வை போர்த்திய யாரோ ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். உன் வரிசைக்குப் போடி என்று யாரோ கத்தினார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. விழித்தபோது நிகாசியா பம்பை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் நின்றிருந்தாள்.

மனசில் இருந்தது வாயில் வந்துவிட்டது. யார் கதவுக்கு வரச் சொல்லியிருக்கிறாய் என்று கேட்டேன்.

"அவங்க கதவுக்குத்தான், அத்தை. பெத்தவ ஊர்ல இருக்கையில வேற வீட்டுக்கு வந்தா, அவங்க எப்படித் தலை நிமிர்ந்து நடப்பாங்க?"

அவள் சொன்னது நியாயம்தான். நியாயம் வயிற்றெரிச்சலை அணைக்குமா?

ஞாயிற்றுக்கிழமை காலை எலாதியோவின் அப்பா தோன் செவெரோ, ஆட்களோடு வந்து நீலக் கதவைத் தட்டினார். நான் என் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து உருளைக்கிழங்குத் தோல் சீவினேன். தோலைவிடச் சதைதான் அதிகம் போனது. வளர்த்த வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினார்களா? இல்லை. கூப்பிட்டாலும் போகக்கூடாது என்று சபதம் போட்டுக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் பிரிமிதிவாவே தெருவைக் கடந்து வந்தாள். தொப்பி கோணலாக இருந்தது.

"தெல்ஃபினா, ஒரு நிமிஷம் வா."

"எதுக்கு? உன் வீட்டு விசேஷம், நீ நடத்து."

"அவ குறையைக் கேக்குறாங்க. எனக்கு ஒண்ணுகூடத் தெரியல."

எங்கள் ஊர் முறை அது. பெண் கேட்டு வந்தவர்களிடம் தாய் மகளின் குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். அவர்கள் ஒவ்வொன்றுக்கும் "இருக்கட்டும்" என்று சொல்லி ஒரு வாய் குடிப்பார்கள். குறை சொல்லாமல் பெண்ணைக் கொடுத்தால், ஏமாற்றித் தள்ளிவிட்டதாகப் பேச்சு வரும். எதையாவது புளுகியிருக்கலாமே என்றேன்.

"சோம்பேறின்னு சொன்னேன். ரெண்டு பம்பு ஓட்டுறவளான்னு சிரிச்சுட்டாங்க." அவள் தலை குனிந்தது.

சபதமாவது ஒன்றாவது. கத்தியை வைத்துவிட்டு எழுந்தேன்.

நீலக் கதவுக்குள் போய் உட்கார்ந்ததும் எனக்கு மடை திறந்தது. கீனுவாக் கஞ்சி வைத்தால் அடிப்பிடிக்கும் என்றேன். கோபம் வந்தால் கத்தமாட்டாள், நாள் கணக்கில் பேசமாட்டாள். காய்ச்சலை மறைப்பாள், விழுந்தால்தான் தெரியும். தூக்கத்தில் போர்வை முழுவதையும் சுருட்டிக்கொள்வாள், பக்கத்தில் படுப்பவன் விறைத்துப் போவான். தோன் செவெரோ "இருக்கட்டும்", "இருக்கட்டும்" என்று குடித்துக்கொண்டே வந்தார். அடுப்படியில் மறைந்திருந்த நிகாசியா, "போர்வை விஷயம் பொய்" என்று குரல் கொடுத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த வேகத்திலேயே அடுத்ததும் வந்துவிட்டது.

"சிலி எல்லையில இருந்து வர்ற பஸ் சத்தம் கேட்டா, பாதிச் சாப்பாட்டுல எழுந்து வாசலுக்கு ஓடிடுவா. சின்னதுல இருந்து அப்படித்தான். இன்னிக்கும் அந்தச் சத்தம் கேட்டா கை நின்னுடும்."

யாரும் "இருக்கட்டும்" சொல்லவில்லை. தோன் செவெரோ கோப்பையைக் கீழே வைத்தார். பொறாமையில் சொன்னேனா, தாய்க்குத் தெரியட்டும் என்று சொன்னேனா, எனக்கே விளங்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பிரிமிதிவா அழவில்லை. தன் முக்காலியை இழுத்து என் முழங்காலை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னும் இருக்கா? எல்லாத்தையும் சொல்லு."

சொன்னேன். சாராயம் தீர்ந்து, வந்தவர்கள் சம்மதம் வாங்கிக்கொண்டு புறப்பட்டுப் போன பிறகும் அவள் விடவில்லை, நானும் நிறுத்தவில்லை.