பலகைத் தரை

மச்சான் வீட்டில் தட்டுகள் விழுந்தபோது எல்லோரும் திடுக்கிட்டார்கள். மச்சானின் மனைவி கையிலிருந்து நழுவிய எவர்சில்வர் தட்டுகள் சிமெண்டுத் தரையில் உருண்டு, சுழன்று, அடங்கச் சற்று நேரம் பிடித்தது. மச்சானின் மகள் வீறிட்டாள். கதவோரம் படுத்திருந்த நாய் எழுந்து குரைத்தது. தட்டுகளுக்கு முதுகு காட்டி சோபாவில் உட்கார்ந்திருந்த அவனுடைய குழந்தை மட்டும் கையிலிருந்த ஸ்பூனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பாத்தியா மாப்ள, முதலாளிய!" மச்சான் தொடையில் தட்டிச் சிரித்தார். "இடியே விழுந்தாலும் நம்ம ஆளு கைவேலைய முடிச்சிட்டுதான் திரும்புவாரு. பட்டறையில வளந்த புள்ளைன்னா சும்மாவா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தான். சிரிப்பு வரவில்லை. மனைவியைப் பார்த்தான். அவள் குனிந்து தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாத் தட்டையும் எடுத்த பிறகும் நிமிரவில்லை.

அவனும் மனைவியின் அண்ணனான மச்சானும் கூட்டாகத் தகரப் பட்டறை நடத்தினார்கள். தண்ணீர்த் தொட்டி, புகைக்குழாய், பெட்டி, யார் எது கேட்டாலும் தட்டிக் கொடுப்பார்கள். பட்டறைக்கு மேலேயே அவன் வீடு. இரும்பு உத்திரங்களின் மேல் பலகை பாவிய தரை. கீழே சுத்தியல் விழுந்தால் மேலே வாளித் தண்ணீரில் வளையம் ஓடும். பிறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, இந்தச் சத்தத்தில் பிள்ளை எப்படித் தூங்கும் என்று கேட்காதவர் இல்லை. பிள்ளை தூங்கியது. தகரம் கிழிபடும் ஓசைக்கு நடுவே வாயைப் பிளந்துகொண்டு தூங்கியது. முதலாளி என்று மச்சான் பெயர் வைத்தது அப்போதுதான்.

தவழ ஆரம்பித்ததும் ஒரு விளையாட்டு சேர்ந்துகொண்டது. கீழே அவன் சுத்தியலால் தட்டினால், மேலே முதலாளி இரண்டு கையாலும் பலகையை அறைவான். தட்டுவதை நிறுத்தினால் மேலேயும் நிற்கும். அவன் படிக்கட்டில் பாதி ஏறித் தலையை நீட்டி, "பதில் சொன்னானா?" என்று மனைவியிடம் கேட்பான்.

"சொன்னான், சொன்னான். போய் வேலையப் பாருங்க."

குழந்தை சத்தத்துக்குத் திரும்புகிறதா என்று தடுப்பூசி போட்ட நர்ஸ் கேட்டபோது அவனுக்கு வேடிக்கையாக இருந்தது. "திரும்புறதாவது? தாளமே போடுறான் சிஸ்டர்." அந்த அம்மாளும் சிரித்துவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாள்.

மச்சான் வீட்டிலிருந்து திரும்பி வருகையில் பஸ்ஸில் குழந்தை அவன் தோளில் தூங்கியது. டிரைவர் ஹார்னை அழுத்தும்போதெல்லாம் அவன் அதன் இமைகளைப் பார்த்தான். பெருமைப்பட்டதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து வேறு முகம் காட்டியது. ஓயாமல் மழலை பேசிக்கொண்டிருந்த பிள்ளை எப்போது அடங்கிப்போனது? சமர்த்துப் பிள்ளை என்றார்கள், அவனும் ஆமாம் என்றான். பிள்ளை 'அப்பா' சொல்லிவிட்டான் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தானே, அன்று உதடுகள் ஒட்டிப் பிரிந்தது உண்மை. கூடவே குரல் வந்ததா? எவ்வளவு யோசித்தும் அந்த உதடுகள்தான் தெரிந்தன.

அன்று பட்டறைக்கு விடுமுறை. வீடு நிசப்தமாக இருந்தது. குழந்தை விழித்ததும் கட்டில் மெத்தையில், சுவரைப் பார்க்க உட்கார வைத்தான். செருப்பைக் கழற்றிவிட்டு வாசல்படியிலேயே நின்றுகொண்டான்.

"முதலாளி."

குழந்தை போர்வையின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தது.

"முதலாளி! டேய்! அப்பா வந்திருக்கேன்டா!"

கைதட்டினான். விசிலடித்தான். தொண்டை கட்டும்வரை கூப்பிட்டான். பொறுக்க முடியாமல் ஓரடி எடுத்து வைத்தபோது அவன் நிழல் சுவரில் ஏறியது. குழந்தை உடனே திரும்பியது. அவனைக் கண்டு, இருந்த இரண்டு பல்லும் தெரியச் சிரித்தது.

மனைவி அடுக்களைக் கதவில் சாய்ந்து நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. கையில் பால்புட்டி இருந்தது. குழந்தையைக் கூப்பிடாமல், கட்டிலைச் சுற்றி அதன் முகத்துக்கு எதிரே வந்து, மெத்தையை உள்ளங்கையால் மெல்லத் தட்டினாள். பிறகுதான் தூக்கினாள். கொஞ்ச நாளாகவே அவள் இப்படித்தான் தூக்குகிறாள் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"உனக்குத் தெரியுமா?"

"அவனுக்குக் காது கேக்கலங்க."

"எப்ப இருந்து தெரியும்?"

"நீங்க தொட்டி மாட்ட வெளியூர் போயிருந்தீங்களே, அப்ப. பட்டறை மூடியிருந்துச்சு. நாள் முழுக்கக் கூப்பிட்டுப் பாத்தேன்."

"ஏன்டி சொல்லல?"

அவள் புட்டியைக் குழந்தையின் வாயில் வைத்தாள். அது குடிக்கத் தொடங்கியது.

"ஊர்ல இருந்து வந்ததும் வராததுமா கீழ போய்த் தட்டுனீங்க. ஏறி வந்து பதில் சொன்னானான்னு கேட்டீங்க. நான் என்னன்னு சொல்லட்டும்? பலகை அதிர்றப்பல்லாம் அவன் சொல்லிக்கிட்டுதானே இருந்தான்."

அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். காய்ப்பேறிய உள்ளங்கைகளை மடியில் விரித்து வைத்திருந்தான்.

"என் சுத்தியலாலயா?"

"தெரியல."

"வந்த நாள்ல இருந்து தலைக்குக் கீழயே தட்டிக்கிட்டு இருந்திருக்கேன்."

"தெரியலங்க. நாளைக்கு டாக்டர்கிட்டக் காட்டலாம்." பிறகு, "பிறவியிலேயே கூட இருக்கலாம்" என்றாள். அதை அவளே நம்பினாளா என்று குரலில் தெரியவில்லை.

மறுநாள் டாக்டர் சாயங்காலம்தான் பார்ப்பார் என்றார்கள். அவன் பட்டறையைத் திறந்தான். மச்சானிடம் ஒன்றும் சொல்லவில்லை. பாதியில் நின்ற தொட்டியைத் தாங்குகட்டையில் ஏற்றிவைத்து, விளிம்பை மடிக்கச் சுத்தியலை எடுத்தான். எடுத்தவன் எடுத்தபடியே நின்றான். தகரத்தில் அவன் முகம் நெளிந்து தெரிந்தது.

"என்ன மாப்ள, தொட்டிக்குப் பூசை போடுறியா?" மச்சான் வெட்டு இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே கேட்டார். "அடி. பத்து மணிக்கு ஆள் வந்துருவான்."

"அடிக்கிறேன் மச்சான்."

அடிக்கவில்லை.

அப்போது மேலே பலகையில் ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான். இரண்டு உள்ளங்கைகள் சேர்ந்து விழுவது.

"பாரு, முதலாளி வந்துட்டாரு!" மச்சான் கூரையைப் பார்த்துக் கத்தினார். "எசமான், உங்கப்பன் இங்க சும்மா நிக்கிறான்!"

அவன் அண்ணாந்து பார்த்தான். பலகை இடுக்கு வழியாக ஒரு கோடு வெளிச்சம் இறங்கியது. அதில் ஏதோ நகர்ந்தது. முழங்காலாக இருக்கும்.

மேலே சத்தம் நின்றது. காத்திருந்தது. பிறகு மறுபடி விழுந்தது, இம்முறை கொஞ்சம் பலமாக. இடுக்கிலிருந்து தூசி உதிர்ந்து, வெளிச்சத்தில் மிதந்து இறங்கி, அவன் இமைகளில் படிந்தது. அவன் கண்ணை மூடவில்லை.