ஒருநாள்கூடத் தப்பாமல்

கழற்றிப் போட்ட சட்டையின் பையைத் துழாவிக்கொண்டே முப்பிடாதியம்மாள் ஏசினாள்.

“எங்கயாவது பாட்டில ஒளிச்சு வச்சிருப்பாரு, பாவி மனுசன். இல்லாட்டா அம்புட்டு மருந்தும் வீணாவுமா?”

பையில் ரயில் பாஸ் மட்டும் இருந்தது. தாராவியில் அந்தப் பத்துக்குப் பத்து அறையில் அவள் புருஷன் வானமாமலை, தாடையைத் தூக்கிக் கட்டிய நாடிக்கட்டோடு பிணமாகக் கிடந்தார்.

ஈரலைத் தின்னும் கிருமிக்கு மூன்று மாத மருந்து. முடித்த பிறகும் ரத்தத்தில் கிருமி அப்படியே இருந்தது. மருந்துக்கு அது பழகிவிட்டது, ஒழுங்காக விழுங்காமல் விட்டால் இப்படித்தான் ஆகும் என்று டாக்டர் கடிந்தார். சந்து முழுக்கத் தீர்ப்புச் சொல்லிவிட்டது: திருட்டுத்தனமாகக் குடித்திருக்கிறான். அதற்கு மட்டும் ரத்தப் பரிசோதனை தேவையில்லை பாருங்கள்! மனிதர் இரண்டு வருடமாகச் சொட்டுகூடத் தொடவில்லை.

“ஏட்டி, நீயாவது என்னைய நம்புதியா?” என்று போன வாரம் மகளிடம் கேட்டார். கோகிலவாணி போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

இன்று காலையில்தான் அவளுக்கு உண்மை தெரிந்தது. அப்பாவுக்குக் கடைசியாக வாங்கி மிஞ்சிய மருந்துகளை ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுக்கப் போனபோது, மருந்துக் கவுன்ட்டரில் இருந்த பரீஹா அவற்றோடு கிடந்த கேஸ் மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தாள். இதையும் சேர்த்தா கொடுத்தீர்கள் என்று இந்தியில் பதறினாள். வயிற்றில் புளிப்பு இருந்தால்தான் அந்த ஈரல் மருந்து உடம்பில் ஏறும். கேஸ் மாத்திரை புளிப்பை அடக்கிவிடும். அரையும் குறையுமாக ஏறிய மருந்தில் கிருமி சாகாமல் தேறிக்கொள்ளும்.

கொடுத்தது அம்மா. காலை ஏழு மணிக்கு மருந்தோடு ஒரு கேஸ் மாத்திரை, வயிறு எரிந்துவிடக் கூடாதென்று. எண்பத்துநாலு நாளும்.

சொன்னால் அப்பாவின் பேர் துலங்கும். அம்மா அதற்குப் பிறகு உயிரோடு இருப்பாளா?

“யம்மா, அப்பா குடிக்கல.”

“நீ கண்டியோ? ஒருநாள்கூடத் தப்பாம இந்தக் கையால குடுத்தேன். அவரு குடிக்காம எப்படிட்டி மருந்து கேக்காமப் போவும்?”

முகத்துக்கு நேரே நீட்டிய அந்தக் கையைப் பார்த்ததும் கோகிலவாணி வாயை மூடிக்கொண்டாள்.

சித்தப்பா சுடலைக்கண்ணன் இடுப்பிலிருந்து குவார்ட்டர் பிராந்தியை எடுத்தார்.

“அண்ணன் ஆசையோட போவக் கூடாது மைனி. ஒரு வாய் விட்டுருவோம்.”

முப்பிடாதியம்மாள் தானே நாடிக்கட்டைத் தளர்த்தினாள். “ஊத்துங்க. இனி எனக்கு ஒளிக்க வேண்டாம்லா.”

வாசலில் யாரோ சிரித்தார்கள். பிராந்தி உள்ளே இறங்கவில்லை. கடைவாயில் வழிந்து மாலையை நனைத்தது.

“ஏட்டி, காலையிலருந்து ஒண்ணும் திங்கல, வயிறு எரியுது. அந்தக் கேஸ் மாத்திரையில ஒண்ணு எடு.”

கோகிலவாணி அட்டையைப் பிதுக்கி ஒன்றை அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். தண்ணீரும் கொடுத்தாள். பிறகு குனிந்து, துப்பட்டா நுனியால் அப்பாவின் வாயைத் துடைத்தாள்.