இருட்டில் பேசுகிறவர்

கடைக்காரர் மதன்குமார் குனிந்து பெட்டிகளில் தேடிக்கொண்டே பேசியதால் ஹபீபுன்னிசாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் நிமிரும்வரை காத்திருந்தாள்.

"எனக்குக் காது கேக்காதுங்க. என் மொகத்தப் பாத்துச் சொன்னீங்கன்னா புரிஞ்சுக்குவேன்."

தன் குரல் எவ்வளவு உயர்ந்தது என்று அவளுக்குத் தெரியாது. பக்கத்தில் ஒயர் வாங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சத்தமாகத்தான் பேசியிருக்க வேண்டும். ராஜ வீதியின் அந்த எலக்ட்ரிக்கல் கடைக்கு அவள் தனியாக வந்தது இதுவே முதல் தடவை. கணவர் சிக்கந்தருக்குத் தெரியாமல் வந்திருந்தாள்.

மதன்குமார் கல்லாவைச் சுற்றி வந்து அவள் எதிரே நேராக நின்றார். "எத்தன ரூமுக்குங்கம்மா?" என்று ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"ஒரு ரூமுக்குத்தானுங்க. ஒரு ஆளு மொகம் தெரிஞ்சாப் போதும்."

அவர் முதலில் எடுத்து வைத்தது கைப்பிடி வைத்த எமர்ஜென்சி லைட். மேஜைமேல் வைத்து எரியவிட்டபோது வெளிச்சம் கீழிருந்து அவர் முகத்தில் ஏறியது. உதட்டுக்கு மேல் நிழல் விழுந்து வாய் எங்கே திறக்கிறது, எங்கே மூடுகிறது என்றே தெரியவில்லை. வேண்டாம் என்று தலையாட்டினாள். டார்ச் அதைவிட மோசம். அடித்தால் முகம் சுண்ணாம்புச் சுவர் மாதிரி ஆகிவிடுகிறது. மெழுகுவர்த்தி பற்றி அவளுக்கே தெரியும். சுடர் ஆடினால் உதடும் ஆடும். நல்ல வெளிச்சத்திலேயே 'அப்பா'வும் 'அம்மா'வும் உதட்டில் ஒன்றுதான். முன்னால் என்ன பேச்சு, பின்னால் என்ன பேச்சு என்று வைத்துத்தான் பிரித்தெடுக்க வேண்டும். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் வந்த மூளைக்காய்ச்சல் இரண்டு காதையும் கொண்டுபோனதிலிருந்து அவள் நாள் முழுவதும் செய்கிற வேலை இதுதான். காதுக்கு மெஷின் வைத்தும் பார்த்தாயிற்று. தலைவலிதான் மிச்சம்.

கடைசியாக மதன்குமார் ஒரு பல்பை எடுத்தார். பார்வைக்குச் சாதாரண பல்புதான். அடிப்பக்கத்தை இரண்டு விரலால் அவர் தொட்டதும் பளிச்சென்று எரிந்தது.

"இன்வெர்ட்டர் பல்புங்க. உள்ளயே பேட்டரி இருக்குது. இருக்கற ஹோல்டர்லயே மாட்டிக்கலாம். கரண்ட் போனா அதுவா எரியும். மூணு மணி நேரம் வரும்."

"அதுவா எரிய வேண்டாமுங்க. நானா சுவிட்சப் போட்டா எரியுமா?"

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "எரியுமுங்க. சுவிட்ச ஆஃப் பண்ணி வெச்சுட்டு, வேணுங்கறப்பப் போட்டுக்கங்க. மத்த நேரம் ஆன்ல இருந்தாத்தான் சார்ஜ் ஏறும்."

"இதே குடுங்க."

அந்தக் கோடையில் கோட்டைமேட்டில் அவர்கள் வீதிக்கான டிரான்ஸ்ஃபார்மர் ஏதோ பழுதாகி, அந்தி சாய்ந்தால் கரண்ட் போய்க்கொண்டிருந்தது. மற்றவர்களுக்குக் கரண்ட் போனால் வெளிச்சமும் காற்றும் போகிறது. அவளுக்கு ஊரே போய்விடும். சிக்கந்தர் உக்கடத்தில் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறவர். எரிந்துபோன மோட்டார்களுக்குக் கம்பி சுற்றி ஓட வைக்கிறவர் வீட்டில் ஒரு எமர்ஜென்சி லைட் கிடையாது. மூன்று தடவை கேட்டுவிட்டாள். மூன்று தடவையும், "ஒரு மணி நேரந்தானே? ஃபோன்ல லைட் இருக்குது" என்று முடித்துவிட்டார். ஆனால் இருட்டில் அந்த ஃபோன் லைட்டை அவர் போட்டதே இல்லை.

அதைக்கூட அவள் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டாள். போன வாரம் மாடியில் துணி காயப்போடும்போது அடுத்த வீட்டு ரிஃபத் சொன்னதுதான் மனதைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"கரண்ட் போனா அண்ணன் பேசறது எங்க ஊடு வரைக்கும் கேக்குதுங்கக்கா. ஃபேன் ஓடாதில்லீங்களா, நல்லாக் கேக்குது. நீங்க ரெண்டு பேரும் இந்த வயசுலயும் அவ்வளவு பேசிக்கறீங்க. எங்க ஊட்ல எல்லாம் ஆளுக்கொரு ஃபோன்."

ஹபீபுன்னிசா கையிலிருந்த ஈரத்துணியை உதறாமல் அப்படியே கொடியில் போட்டாள். என்ன பேசுகிறார் என்று ரிஃபத்திடம் கேட்க வாய்வரை வந்தது. புருஷன் பேசுவதைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதா? கீழே இறங்கிவிட்டாள்.

அன்றிலிருந்து எதையெதையோ நினைத்தாள். யாரிடம் பேசுகிறார்? ஃபோனில் என்றால் அதன் வெளிச்சமாவது தெரியும். மகள் மிஸ்பாவைக் கோபிசெட்டிபாளையத்தில் கட்டிக்கொடுத்தபின் வீட்டில் இருப்பது அவர்கள் இரண்டு பேர்தான். ஏதாவது சீக்கு வந்து மறைக்கிறாரா? புதன்கிழமை தவறாமல் சத்தியமங்கலத்துக்கு மோட்டார் பார்க்கப் போகிறாரே, அங்கே ஏதாவதா? வெளிச்சத்தில் அவர் அவளிடம் பேசுவது எண்ணிவிடக்கூடியது. சாப்பிட்டியா. மாத்திரை போட்டியா. கதவைச் சாத்திக்க. ஒவ்வொன்றையும் அவள் தோளைத் தொட்டு, அவள் திரும்பியபின், வாயை நன்றாகத் திறந்து சொல்வார். ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் மனதைத் திறந்து சொல்ல அவரிடம் ஏதோ இருக்கிறது. அதை அவள் கண்ணுக்குப் படாத நேரம் பார்த்துச் சொல்கிறார்.

பல்பை அவளே ஸ்டூல் போட்டு ஏறி மாட்டினாள். அவர் கவனிக்கவில்லை. இரண்டு நாள் கரண்ட் போகவில்லை. மூன்றாம் நாள் புதன்கிழமை. சாயங்காலம் மஃரிப் தொழுதுவிட்டு வந்த சிக்கந்தர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் திரை காற்றில் எழும்பியது. டியூப் லைட் அணைந்தது.

அவள் நாற்காலியை முன்கூட்டியே சுவிட்சுக்குப் பக்கத்தில் போட்டிருந்தாள். கழுத்தில் வியர்வை இறங்கியது. உடனே போட்டுவிடக் கூடாது என்று மனதுக்குள் யாசீன் சூராவில் பாதிவரை ஓதினாள். பிறகு கையைத் தூக்கிச் சுவிட்சைத் தட்டினாள்.

அவர் அவள் இருந்த பக்கம் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தார். ஒரு கை மேலே தூக்கியிருந்தது. இரண்டு புருவமும் ஏறியிருந்தன. "...கோழிக்கும் டிக்கெட் எடுக்கணுமான்னு அந்தாளு கேக்கறான், கண்டக்டர் சொல்றாரு, அது சீட்டுல உக்காந்தா எடுக்கோணும், மடியில உக்காந்தா வேண்டாம்னு, உடனே அந்தக் கோழி..." அவ்வளவு வேகமாக அவர் உதடு ஓடி அவள் பார்த்துப் பல வருடங்களாகியிருந்தன. வாயெல்லாம் சிரிப்பு. கண்ணுக்குப் பக்கத்தில் மடிப்பு விழுந்திருந்தது. கல்யாணமான புதிதில் பட்டறையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அன்றைய கதையை அளக்கிற அந்த ஆள்.

வெளிச்சம் வந்தது உறைத்ததும் கை இறங்கியது. முகம் வேலை முகமாகிவிட்டது. மேலே பார்த்தார்.

"பல்பு மாத்துனியா? நல்லாருக்குது."

"யாருகிட்டங்க பேசிட்டிருந்தீங்க?"

"உங்கிட்டத்தான்."

"எனக்குத்தான் கேக்காதே."

அவர் தரையைப் பார்த்து ஏதோ சொன்னார். பிறகு நினைவு வந்து முகத்தைத் தூக்கி மறுபடி சொன்னார். "தெரியும் அபீபு. வெளிச்சத்துல உனக்குப் புரியுதா, புரியுதான்னு பாத்துப் பாத்துப் பேசறேன். பேச்சே செத்துப்போகுது. இருட்டுல நீ பழைய மாதிரிக் கேட்டுட்டு இருக்கறேன்னு நெனச்சுக்குவேன்."

சீக்கில்லை. சத்தியமங்கலத்தில் யாருமில்லை. அவளுக்கு அதில் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. காது கேட்கிற ஒருத்தி இந்த வீட்டில் இன்னும் இருக்கிறாள், பஸ்ஸில் நடந்தது முதல் எல்லாம் அவளுக்குத்தான், தனக்கு மாத்திரையும் கதவும்தான் என்று தோன்றியது. அந்த ஒருத்தி தான்தானே என்று எண்ணிப் பார்த்தும் ஆறவில்லை.

"அந்தக் கோழி என்ன பண்ணுச்சுங்க? எனக்கும் சொல்லுங்க" என்றாள்.

அவர் எழுந்து வந்து பல்புக்கு நேர்கீழே நின்றுகொண்டார். சொன்னார். பஸ்ஸுல. ஒரு ஆளு. கோழி. டிக்கெட். கண்டக்டர். ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி அவள் கண்ணைப் பார்த்தார். கோழி மடியை விட்டுப் பறந்து கண்டக்டரின் பையிலேயே உட்கார்ந்துகொண்டதாம். எல்லாம் புரிந்தது. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். அவரும் சிரித்தார். அந்த மடிப்பு விழவில்லை. அவள் அதைப் பார்த்தாள் என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது.

அவள் சுவிட்சை அணைத்தாள்.

இருட்டில் அவர் கையைத் தேடிப் பிடித்துக் கட்டிலுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீங்க பாட்டுக்குப் பேசுங்க" என்றாள். விரல்களை அவர் தொண்டையில் வைத்தாள். முள்ளு முள்ளாகத் தாடி. அதற்குக் கீழே எச்சில் விழுங்கியது ஏறி இறங்கியது. பிறகு மெல்லத் தொடங்கியது ஓர் அதிர்வு. விட்டு விட்டு வந்தது, நீண்டது, வேகம் பிடித்தது. என்ன சொல்கிறார் என்று அவளுக்கு ஒரு எழுத்தும் தெரியவில்லை. எங்கே சிரிக்கிறார் என்று மட்டும் விரலில் தெரிந்தது.

தலைக்கு மேல் ஃபேன் காற்று வந்தது. மூடாத கண்ணில் டியூப் லைட் துடித்துத் துடித்துப் பற்றியது. தொண்டை சட்டென்று அடங்கியது.

அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். விரலை எடுக்கவில்லை.