கழுத்தில் இல்லாத நம்பர்

டிரில் டீச்சருக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பார்கள். மைதானத்தின் இந்த முனையில் அவள் வாயைத் திறந்தால் அந்த முனையில் ஓடுகிற பிள்ளை அப்படியே நின்றுவிடும். அப்பேர்ப்பட்டவள் அன்று வண்டிப் பதிவு அலுவலகத்தின் பின்முற்றத்தில் வாயையே திறக்காமல் நின்றாள். அதைப் பார்த்துத்தான் அவள் கணவர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

பரிசோதகர் குனிந்து, ஹேண்டில்பாருக்குக் கீழே அவளுடைய பழைய மோட்டார் சைக்கிளின் கழுத்துக் குழாயை விரலால் தடவினார். சுற்றி வந்து மறுபடி தடவினார்.

"நம்பர் எங்கம்மா?"

வண்டியின் பழைய பதிவுப் பேப்பரில் இருந்த சேஸிஸ் நம்பரை அங்கேதான் இரும்பில் பொறித்திருக்க வேண்டும். ஆனால் முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளத்த கருப்பு பெயிண்டைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. நம்பர் இல்லாத வண்டியை ரோட்டில் விட முடியாது, வீட்டில் நிறுத்தி அழகு பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் அவர். அந்த மனிதர் சொன்னதில் தப்பே இல்லை என்பதுதான் டீச்சருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அழகு பார்க்க ஆள் வாசலிலேயே தயாராக நின்றான். அவளுடைய அண்ணன், மரச்சாமான் கடைக்காரன். அப்பா இந்த வண்டியை மகனுக்கு ஓட்டக் கொடுத்தார், மகளுக்குத் துடைக்கக் கொடுத்தார். மகன் கார் வாங்கியதும் அது கொட்டகையில் கிடந்து துருப்பிடித்தது. அப்பா போன பிறகு டீச்சர் அதைக் கேட்டபோது அண்ணன் ஒரு நிபந்தனை போட்டான். பதிவாகி ரோட்டில் ஓடினால் அவளுக்கு, இல்லாவிட்டால் அவன் கடைக் கண்ணாடிக்குள் காட்சிப்பொருள். அவளும் வீம்புக்குச் சரி என்று, இன்ஜினைப் பிரித்துப் போட்டு, கற்றுக்கொண்டே பூட்டினாள். இன்று தங்கைக்கு உதவி என்று சொல்லிக்கொண்டு அவன் வேனோடு வந்திருந்தான். வேனில் வண்டியைக் கட்டக் கயிறும், கீறல் விழாமலிருக்க ஒரு பழைய மெத்தையும் இருந்தன.

டீச்சர் கணவர் பக்கம் திரும்பினாள். போர்டு எழுதுகிற பெயிண்டர் அவர். வண்டிக்குப் பெயிண்ட் அடித்ததும் அவரே.

"இங்க என்ன பண்ணீங்க?"

"சின்னச் சின்னப் பள்ளமா இருந்துச்சு டீச்சர். துரு அரிச்சிருக்குன்னு பட்டி வச்சு அடைச்சேன். உப்புத்தாள் போட்டு நல்லா தேய்ச்சு..." என்று ஆரம்பித்தவரின் குரலில், அவரையும் மீறிக் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்துவிட்டு அந்த மனிதர் நின்ற அழகைப் பார்த்து அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊர் முழுக்க எழுத்தும் எண்ணும் எழுதிச் சாப்பிடுகிறவருக்கு நம்பர் எது, துரு எது என்று தெரியவில்லையா என்று அவள் கேட்டது வாசலில் வரிசையில் நின்ற கடைசி ஆள் வரை கேட்டது.

"ஒரு பள்ளம் தெரிஞ்சாலும் வீட்டுக்குள்ள விடமாட்டேன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார் பெயிண்டர், தரையைப் பார்த்து.

திருடனுக்குத் தேள் கொட்டியது போலாயிற்று டீச்சருக்கு. சொன்னது அவள்தான், அதுவும் விசில் ஊதுகிற தோரணையில். இத்தோடு கோபம் இறங்கியிருக்க வேண்டும். மாறாக ஏறியது.

அண்ணன் கயிற்றோடு வந்து, இவ்வளவு அருமையான பெயிண்டைக் கண்ணாடிக்குள் வைத்தால்தான் மரியாதை என்றான். அவள் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. சுரண்டினால் நம்பர் தெரியும், பார்ப்பீர்களா என்று பரிசோதகரைக் கேட்டாள். தெரிந்தால் எழுதிக்கொள்கிறேன் என்றார் அவர்.

பெயிண்டர் பையிலிருந்து பட்டி பூசுகிற தகட்டை எடுத்து, குழந்தைக்கு நகம் வெட்டுவது போல மெல்லச் சுரண்டத் தொடங்கினார். டீச்சர் அதைப் பிடுங்கினாள். கருப்பு உதிர்ந்தது. சாம்பல் நிறப் பட்டி உதிர்ந்தது. தன்னை, புருஷனை, அண்ணனை, போய்ச் சேர்ந்த அப்பாவை, எல்லாரையும் சேர்த்துச் சுரண்டினாள். இரும்பில் முதல் எண் தெரிந்தது. அடுத்ததும் தெரிந்தது. பரிசோதகர் பழைய பேப்பரை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

கவுண்டரில் கொடுத்த புது நம்பரைப் பெயிண்டர் அங்கேயே உட்கார்ந்து பிளேட்டில் எழுதினார். இதையாவது அடைக்காமல் விடுங்கள் என்றாள் டீச்சர்.

"அப்பா இருந்திருந்தா உனக்கு இந்த வண்டிய கொடுத்திருக்க மாட்டாரு," என்றான் அண்ணன்.

"தெரியும்ணே. துடைக்கத்தான் கொடுத்திருப்பாரு."

கையிலிருந்த அழுக்குத் துணியை அவன் கையில் வைத்துவிட்டு அவள் கிக்கரை மிதித்தாள். இரண்டு மிதிக்கு மசியாத வண்டி மூன்றாவதில் உறுமியது. பெயிண்டர் டப்பாவையும் பிரஷ்ஷையும் அள்ளிக்கொண்டு பின்சீட்டில் ஏறக் காலைத் தூக்கினார்.

"நீங்க வேன்ல வாங்க," என்றாள் டீச்சர், திரும்பிப் பார்க்காமலே.

வண்டி கேட்டைத் தாண்டி ரோட்டில் ஏறியது. பின்னாலேயே அண்ணனின் வேனும் கிளம்பியது. வண்டிக்கென்று போட்ட மெத்தையில் பெயிண்டர் உட்கார்ந்திருந்தார்.