சுவரில் இரண்டு தட்டு

கேரவன் கூரையில் ஆன்டெனா வைப்பது இரண்டு பேர் வேலை. ஒருவர் வெளியே ஏணியில் நின்று திருப்ப வேண்டும். மற்றவர் உள்ளே டிவியைப் பார்த்து, "வந்துடுச்சு, ஐயோ போயிடுச்சு" என்று கத்த வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து வெளியே வில்ஃப், உள்ளே அவர் மனைவி நோரீன். இந்தக் கோடையில் நோரீனால் கத்த முடியாது. தொண்டையில் செய்த அறுவை சிகிச்சையில் உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. அதனால் சுவரில் தட்டினாள். ஒரு தட்டு என்றால் மோசம், இரண்டு என்றால் தெளிவு.

மதியத்திலிருந்து ஒற்றைத் தட்டாகவே வந்துகொண்டிருந்தது.

சிகிச்சைக்கு முன்பு, யார்க்ஷயரில் அவர்களுடைய தேவாலயத்துப் பாடகர் குழுவை டிவிக்காரர்கள் படம்பிடித்துப் போயிருந்தார்கள். ஒரு பாட்டின் நடுவே நோரீன் தனியாகப் பாடியிருந்தாள். அது அடுத்த மாதம்தான் டிவியில் வரும் என்று நம்பி இருவரும் விடுமுறைக்கு வேல்ஸ் கடற்கரைக்கு வந்து, ஒரு பண்ணை நிலத்தில் கேரவனை நிறுத்தித் தங்கியிருந்தார்கள். இன்று காலை மகள் பண்ணை வீட்டுக்குப் போன் செய்து, "அப்பா, அம்மா பாட்டு இன்னிக்குச் சாயங்காலமாம்!" என்றாள். பதிவு செய்துவைக்க அவளிடமும் வசதியில்லை. வீட்டுக்கு ஒரு வீடியோ ரெக்கார்டர் வாங்கலாம் என்று நோரீன் கேட்டபோதெல்லாம் "எதுக்கு வெட்டியா?" என்று வாயை அடைத்தவர் வில்ஃப்தான். இன்று விட்டால் அந்தக் குரல் போனது போனதுதான்.

பண்ணைக்காரி ஆல்வென் வாளியோடு அந்தப் பக்கம் வந்தாள்.

"என்னங்க வில்ஃப், ஏணியிலயே குடியிருக்கீங்க? டீயை மேல அனுப்பவா?"

"பெரிய டிவி கோபுரம் இந்தத் திசைதானேம்மா? மேப்புல பார்த்துதான் திருப்பினேன்."

"கோபுரம் அங்கதான் இருக்கு. நடுவுல இவ்ளோ பெரிய மலை நிக்குதே, அதை மேப்புல போடலையா? சுத்திப் பாருங்க. உங்களுது மாதிரி ஒண்ணாவது படுத்துக் கிடக்கா?"

பார்த்தார். மற்ற எல்லாக் கேரவன்களிலும் ஆன்டெனாக் கம்பிகள் செங்குத்தாக நின்றன. எல்லாம் எதிரே ஆடு மேய்ந்த குன்றின் உச்சியிலிருந்த சின்னக் கம்பத்தைப் பார்த்திருந்தன. காலையிலேயே கண்ணில் பட்டதுதான். இந்த ஊர்க்காரர்களுக்கு ஆன்டெனா வைக்கத் தெரியவில்லை என்று மனதுக்குள் சிரித்திருந்தார்.

"அந்தக் குட்டிக் கம்பம்தான் எங்களுக்குப் படம் அனுப்புது. அதுக்குக் கம்பியெல்லாம் நிமிர்ந்து நிக்கணும். காலைலயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேக்கலையே. அதான் என் புத்தி."

ஆன்டெனாவை இறுக்கியிருந்த திருகாணியை அவசரமாகக் கழற்றினார். அது கை நழுவிப் புல்லுக்குள் விழுந்து காணாமல் போனது. வேறு வழியில்லாமல் ஆன்டெனாவை இரு கையாலும் நிமிர்த்திப் பிடித்து, குன்றுக்கு நேராகத் திருப்பினார்.

தட். தட்.

மழை தூறத் தொடங்கியது.

"குடுங்க, நான் பிடிக்கிறேன். நீங்க உள்ள போய்ப் பாருங்க."

"வேணாம்மா. கை மாறினா படம் போயிடும். அவ பார்க்கட்டும்."

"அப்ப சத்தத்தையாவது கூட்டி வைக்கிறேன்" என்று ஆல்வென் உள்ளே ஓடி ஜன்னலைத் திறந்தாள்.

குழு பாடியது. பிறகு எல்லோரும் அடங்க, நோரீன் மட்டும் பாடினாள். சமையலறையில் அவள் பாடும்போது, ரேடியோச் செய்தி கேட்கவில்லை என்று எத்தனை முறை எரிந்து விழுந்திருக்கிறார்! அதே குரல் இப்போது மழையில் வந்தது. தோள் இற்றுவிடும்போல வலித்தது. வலிக்கட்டும். ஆல்வெனுக்கு, அந்தக் குட்டிக் கம்பத்துக்கு, அதைச் சுற்றி மேய்ந்த ஆடுகளுக்குக்கூட நன்றி சொல்லிக்கொண்டார்.

பாட்டு முடிந்த பிறகும் பிடியை விடவில்லை. கதவு திறந்தது. நோரீன் குடையில்லாமல் ஏணியடிக்கு வந்து, நனைந்திருந்த அவர் காலில் இரண்டு முறை தட்டினாள்.